புயல்கூண்டு: ஓர் எச்சரிக்கை மொழியின் வரலாறு

ஐப்பசி பிறந்துவிட்டால் தமிழகக் கடற்கரை மக்கள் ஆண்டுதோறும் கேட்கும் வாசகம் ஒன்றுண்டு. "துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது" என்பதே அது. வானொலி சொல்லியது, பின்னர்த் தொலைக்காட்சி சொல்லியது, இன்று கைபேசியும் சொல்கிறது. இவ்வாசகம் தூய தமிழில்தான் இருக்கிறது. இலக்கண வழுவும் இல்லை. ஆயினும் இதன் பொருள் என்னவென்று கேட்டால் நம்மில் பெரும்பாலோரால் விடை கூற இயலாது. எண் பெரிதானால் ஆபத்தும் பெரிது என்ற அளவில் நம் அறிவு நின்றுவிடுகிறது. அந்த அறிவும் முழுமையாகச் சரியானதன்று என்பதைக் கீழே காண்போம்.

ஒரு மொழி, பேசுவோனுக்கு மட்டும் விளங்கிக் கேட்போனுக்கு விளங்காமற் போனால் அதனை மொழி என்று எவ்வாறு சொல்வது? வங்கக் கடலின் கரையில் கடந்த இருநூறு ஆண்டுகளில் நேர்ந்த பேரழிவுகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, இக்கேள்வி வெறும் சொல்லாராய்ச்சியாக இல்லாமல் உயிர்ப் பிரச்சினையாகவே தோன்றுகிறது. அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லின் கதை

"புயல்" என்னும் சொல்லிலிருந்தே தொடங்கலாம். பழந்தமிழில் இச்சொல்லுக்கு மேகம், மழை என்பனவே பொருள். திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில் வரும் புயல், உழவனை வாழவைக்கும் மழையே அன்றி ஊரை அழிக்கும் காற்றன்று. அழிக்கும் காற்றுக்குச் சூறை, சூறாவளி முதலிய சொற்கள் தனியே இருந்தன. வளத்தைக் குறித்த சொல் பிற்காலத்தில் அழிவைக் குறிக்கலாயிற்று. சொற்பொருள் மாற்றத்துக்கு மாணவர்களிடம் எடுத்துக்காட்டத்தக்க நல்ல சான்று இது.

கடலின் சீற்றத்தை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை கூறுகிறது. ஆயின் அதற்குக் கூறப்படும் காரணம், இந்திர விழா எடுக்க மறந்த குற்றமும் தெய்வத்தின் சாபமும் ஆகும். பேரழிவைத் தெய்வச் சினமாகக் கொள்வது உலகெங்கும் இருந்த மரபுதான். மறுபுறம், கடலோடிகளிடம் வேறொரு மரபு இருந்தது. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைத் திசையால் பகுத்தறிந்து, நீரின் நிறத்தாலும் அலையின் போக்காலும் வரவிருப்பதை உணர்ந்த அனுபவ அறிவு அது. ஏட்டில் ஏறாத அவ்வறிவு ஒவ்வொரு கரையிலும் அந்தந்தக் கரைக்குரியதாகவே வளர்ந்தது. நூறு கல் தொலைவில் உருவாகி இரவோடிரவாக வந்து சேரும் சுழற்காற்றை முன்கூட்டி அறிவிக்க அது மட்டும் போதவில்லை.

ஒரு கப்பல் தலைவரின் கடிதம்

வங்கக் கடலின் சுழற்காற்றுகளை முறையாக ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் ஹென்றி பிடிங்டன். வணிகக் கப்பல்களில் தலைவராகப் பணியாற்றிய ஆங்கிலேயரான இவர், பின்னர் கல்கத்தாவில் தங்கிக் கடல்சார் விசாரணை மன்றத்தின் தலைவரானார். விபத்துக்குள்ளான கப்பல்களின் நாட்குறிப்புகள் இவர் கைக்கு வந்தன. எந்த நேரத்தில் எத்திசையிலிருந்து காற்று வீசியது, காற்றழுத்தமானி எவ்வளவு இறங்கியது என்பவற்றை ஒப்பிட்டு, இக்காற்றுகள் ஒரு மையத்தைச் சுற்றிச் சுழல்வன என்பதை வலியுறுத்தினார். பாம்பு சுருண்டு கிடப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து "சைக்ளோன்" என்னும் பெயரை உருவாக்கியவரும் இவரே. 1848ஆம் ஆண்டில் மாலுமிகளுக்கான கையேடு ஒன்றை வெளியிட்டார்.

அந்நூலின் சிறப்பு அதன் அறிவியலில் மட்டும் இல்லை. கொம்பினால் ஆன மெல்லிய ஒளிபுகும் அட்டைகளில் சுழற்காற்றின் வட்டத்தை அச்சிட்டு நூலுடன் வழங்கினார் பிடிங்டன். கடல் வரைபடத்தின் மேல் அட்டையை வைத்து நகர்த்தினால், தம் கப்பல் புயலின் எப்பகுதியில் இருக்கிறது என்பதை அதிகம் படிக்காத மாலுமியும் கண்டுகொள்ளலாம். வடகோளத்தில் காற்றை எதிர்நோக்கி நின்றால் புயலின் மையம் ஏறத்தாழ வலக்கைப் பக்கம் இருக்கும் என்பது அவர் பரப்பிய எளிய விதி. தாம் அறிந்ததைப் பிறர் கையாளும் வடிவில் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. இன்று நாம் "மக்கள் கல்வி" என்று அழைப்பதன் தொடக்கங்களுள் ஒன்றாக இதனைக் கருதலாம்.

ஆனால் அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு அறிவுறுத்துவது மாலுமிகளுக்கு அறிவுறுத்துவதைப்போல் எளிதாக இல்லை. ஹூக்ளி ஆறு தூர்ந்துவருவதாக அஞ்சிய ஆங்கில அரசு, சுந்தரவனப் பகுதியில் மாதலா ஆற்றின் கரையில் புதிய துறைமுகம் அமைக்க முனைந்தது. 1853இல் பிடிங்டன் தலைமை ஆளுநர் டல்ஹவுசிக்குக் கடிதம் எழுதினார். அவ்விடம் புயலின்போது எழும் கடல் நீருக்கு நேரே வாய் திறந்து நிற்கிறது, ஒருநாள் எல்லாம் அழியும் என்பதே அதன் சாரம். கடிதம் பொருட்படுத்தப்படவில்லை. போர்ட் கேனிங் என்னும் பெயரில் துறைமுகம் எழுந்தது. பிடிங்டன் 1858இல் மறைந்தார். 1867 நவம்பரில் வந்த புயல் அத்துறைமுகத்தைச் சிதைத்தது. விரைவில் அது கைவிடப்பட்டது.

கூண்டு பிறந்த ஆண்டு

1864ஆம் ஆண்டு அக்டோபர் 5 அன்று கல்கத்தாவைத் தாக்கிய புயல், கடல் நீரை ஹூக்ளி ஆற்றின் வழியே உள்ளே தள்ளியது. இறந்தோர் ஐம்பதாயிரத்துக்குக் குறையாதவர் என்று மதிப்பிடப்பட்டது. ஒரு மாதம் கழிவதற்குள், நவம்பர் 1 அன்று மசூலிப்பட்டினத்தில் மற்றொரு புயல் ஏறத்தாழ முப்பதாயிரம் உயிர்களைக் கொண்டது. இவ்விரு பேரழிவுகளும் அரசை அசைத்தன. 1865இல் கல்கத்தா துறைமுகத்தில் இந்தியாவின் முதல் புயல் எச்சரிக்கை ஏற்பாடு தொடங்கப்பட்டது. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத்துறை நிறுவப்பட்டது.

கம்பத்தில் கூம்பும் உருளையும் ஏற்றி எச்சரிக்கும் முறை இங்கிலாந்தில் தோன்றியது. சார்லஸ் டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பலின் தலைவராக நாம் அறிந்த ராபர்ட் ஃபிட்ஸ்ராய்தான் அதனை அங்கு நிலைநாட்டியவர். 1859 அக்டோபரில் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் புயலில் மூழ்கி நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டதைத் தொடர்ந்து, 1861 முதல் துறைமுகங்களுக்குத் தந்தி வழியே புயல் அறிவிப்பு அனுப்பத் தொடங்கினார். ஏழை மீனவர்களின் சிற்றூர்களில் காற்றழுத்தமானிகளை வைக்கச் செய்ததோடு, அவற்றைப் படிப்பது எப்படி என்று எளிய கையேடும் எழுதினார். அவருடைய முன்னறிவிப்புகள் சில பொய்த்தபோது அறிஞர்களும் இதழ்களும் எள்ளினர். 1865இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அவர் மறைவுக்குப் பின், போதிய அறிவியல் அடிப்படை இல்லை என்று காரணம் கூறிப் புயல் எச்சரிக்கை நிறுத்தப்பட்டது. அப்போது எதிர்ப்புக் குரல் எழுந்தது கடல்சார் மக்களிடமிருந்தேயாகும். 1867இல் எச்சரிக்கை மீண்டும் தொடங்கிற்று. சில தடவை தவறினாலும் பல தடவை உயிர்காத்த கூம்பு அவர்களுக்கு வேண்டியிருந்தது. விளங்கிக்கொண்ட எச்சரிக்கையை மக்கள் கைவிடுவதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

இந்தியத் துறைமுகங்கள் அனைத்துக்கும் ஒரே சீரான எச்சரிக்கை முறை 1898 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. சிற்சில மாற்றங்களுடன் அதுவே இன்றும் தொடர்கிறது. பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு வெள்ளை விளக்குகளும் அடையாளங்கள். கம்பத்தில் தொங்கும் அவ்வடிவங்களைக் கண்ட தமிழர் "கூண்டு" என்று பெயரிட்டனர். பொருத்தமான பெயர்தான்.

எண்களின் இலக்கணம்

மொத்தம் பதினோர் எண்கள். முதலாம் எண், தொலைவில் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருப்பதையும், இரண்டாம் எண் அது புயலாக வலுத்திருப்பதையும் கப்பல்களுக்குத் தெரிவிக்கின்றன. இவ்விரண்டாலும் துறைமுகத்துக்கு உடனடி ஆபத்து இல்லை. மூன்றும் நான்கும் துறைமுகத்தையே நோக்கிய எச்சரிக்கைகள். ஐந்து, ஆறு, ஏழு ஆகியவை அபாய எச்சரிக்கைகள். எட்டு, ஒன்பது, பத்து ஆகியவை பெரும் அபாய எச்சரிக்கைகள்.

இங்குதான் கவனிக்க வேண்டிய நுட்பம் இருக்கிறது. ஐந்து, ஆறு, ஏழு என்பவை ஏறுவரிசை அல்ல. மூன்றும் ஒரே அளவு கடுமையைக் குறிப்பவை. வேறுபாடு திசையில் உள்ளது. புயல் செல்லும் பாதைக்கு இடப்புறம் துறைமுகம் அமையுமாயின் ஐந்து, வலப்புறம் அமையுமாயின் ஆறு, புயல் துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடக்குமாயின் ஏழு. எட்டு, ஒன்பது, பத்து ஆகியவற்றுக்கும் இதே ஒழுங்குதான். பதினொன்றாம் எண்ணோ புயலின் வலிமையையே குறிப்பதன்று. வானிலை எச்சரிக்கை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது என்பதே அதன் பொருள். வகுப்பில் இதைக் கேட்டால், பதினொன்று என்றால் ஊரே அழியும் புயல் என்றுதான் மாணவர் சொல்வர். எனினும் அவர்களைக் குறைகூற இடமில்லை. இவ்வெண்களின் பொருளை அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இடமா வலமா என்பது ஏன் இத்துணை முக்கியம்? வடகோளத்தில் புயற்காற்று வலமிருந்து இடமாக, கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழல்கிறது. தமிழகத்தை நோக்கி மேற்காக வரும் புயலை எடுத்துக்கொள்வோம். அதன் வலப்புறம் வடக்கு, இடப்புறம் தெற்கு. மையத்துக்கு வடக்கே காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசும். நீரையும் கரை மேல் தள்ளும். மையத்துக்குத் தெற்கே காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அங்கே கடல் உள்வாங்குவதும் உண்டு. ஆகவே, ஐந்தாம் எண்ணும் ஆறாம் எண்ணும் காற்றின் கடுமையில் ஒத்திருந்தாலும், கரையோரக் குடிசைக்கு வரும் நீரின் ஆபத்தில் ஒத்தவை அல்ல. நங்கூரத்தை எடுத்துக் கடலுக்குள் விலகிச் செல்வதா, துறைமுகத்திலேயே நிற்பதா என்று முடிவு செய்ய வேண்டிய கப்பல் தலைவனுக்கு இவ்வேறுபாடு உயிர்நாடி. கூண்டு அவனுக்காக ஆக்கப்பட்ட மொழி. அவனுக்குச் சொன்னதை நாம் நூறாண்டுக்கும் மேலாகக் குப்பத்து மக்களுக்கு அப்படியே வாசித்துக்கொண்டிருக்கிறோம்.

நீர் என்னும் எமன்

புயல் என்றவுடன் நமக்குக் காற்று நினைவுக்கு வருகிறது. வங்கக் கடலின் வரலாற்றிலோ பெரும்பாலான உயிர்களைக் கொண்டது நீர். புயலின் மையத்தில் காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறையக் கடல் மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். இது சிறு பங்குதான். பெரும்பங்கு, பலத்த காற்று பல மணிநேரம் நீரைக் கரையை நோக்கித் தள்ளிக் குவிப்பதால் வருகிறது. கரையோரக் கடல் ஆழமற்றதாக இருந்தால் தள்ளப்பட்ட நீர் கீழே திரும்பிச் செல்ல வழியின்றி மேலே எழுகிறது. வங்கக் கடலின் வடமுனை ஆழங்குறைந்தது, புனல்போலக் குறுகுவது. அங்கே நீர் எழுவதன் உயரம் அதிகம். அந்நேரம் ஓதமும் ஏறியிருந்தால் கேடு இருமடங்கு.

1876இல் வங்காளத்தின் பாக்கர்கஞ்ச் பகுதியில் இவ்வாறு எழுந்த நீராலும், அதன்பின் பரவிய நோயாலும் பசியாலும் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் மாண்டனர். நம் கரையில் 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடி அழிந்ததும் நீரினால்தான். இலங்கையைக் கடந்து வந்த புயல், இருபுறமும் கடலுடைய அந்த மணல் நாக்கின் மேல் கடலையே ஏற்றியது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயில் பயணிகள் அனைவரோடும் அடித்துச் செல்லப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் அதில் இருந்தனர். அங்கே ஓடி ஏறுவதற்கு ஒரு மேடு இல்லை. எச்சரிக்கை என்பது, போவதற்கு ஓர் இடம் இருந்தால்தான் எச்சரிக்கையாகும். இடம் இல்லாதவனுக்கு அது வெறும் செய்தி.

அறிந்தும் அகலாதோர்

1970 நவம்பர் 12 அன்று அப்போதைய கிழக்குப் பாகிஸ்தானின் போலா தீவையும் சுற்றுப்புறத்தையும் தாக்கிய புயலில் மூன்று லட்சம் முதல் ஐந்து லட்சம் பேர் வரை இறந்தனர் என்பது கணக்கு. புயல்களால் நேர்ந்த உயிரிழப்பில் இதற்கு இணை வேறில்லை. பின்னர் அப்பகுதியில் நடத்தப்பட்ட ஆய்வு வியப்பூட்டும் ஒன்றைக் காட்டியது. புயல் வருகிறது என்று மக்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் முன்பே கேள்விப்பட்டிருந்தனர். உறுதியான கட்டடங்களில் அடைக்கலம் புகுந்தவர்களோ ஏறத்தாழ ஒரு விழுக்காட்டினர்!

அறிவிப்பு சென்றது, அறிவு செல்லவில்லை. போலா நமக்குச் சொல்லும் பாடம் இதுதான். எவ்வளவு நீர் வரும், எப்போது வரும், எங்கே போவது, ஆடுமாடுகளை என்செய்வது, விட்டுச்செல்லும் வீட்டைக் காப்பது யார் ஆகிய கேள்விகளுக்கு விடையில்லாத மனிதன் வீட்டிலேயே இருக்கிறான். அதனை அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது. அவன் நிலையில் நின்று பார்த்தால் அதில் ஒரு நியாயம் இருப்பது புலப்படும்.

வங்கதேசம் விடுதலை பெற்றபின், 1972இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் முயற்சியால் புயல் ஆயத்தத் திட்டம் ஒன்று அங்கே தொடங்கியது. அவ்வூரைச் சேர்ந்தவர்களே தொண்டர்கள். ஒலிபெருக்கி, கையால் சுழற்றும் சங்கு, மிதிவண்டி, கொடி இவையே கருவிகள். கடுமை ஏற ஏறக் கொடிகளின் எண்ணிக்கை ஏறும். எழுத்தறியாதவரும் கண்டுகொள்வர். கால்நடைகளுக்காக மண்மேடுகள் எழுப்பப்பட்டன. மாட்டை விட்டு வரமாட்டேன் என்பவனுக்கு அறிவுரை கூறிப் பயனில்லை. மாட்டுக்கும் இடம் தருவதே வழி என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

ஆயினும் 1991 ஏப்ரல் 29 அன்று சிட்டகாங் கரையைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 1,38,000 பேர் இறந்தனர். பத்தாம் எண் எச்சரிக்கை ஏற்றப்பட்டிருந்தது. பாதுகாப்பிடங்கள் போதவில்லை. இறந்தவர்களுள் வயதுவந்த பெண்களின் விகிதம் ஆண்களைவிடப் பல மடங்கு. கணவனின் சொல் இன்றி வீட்டை விட்டு வெளியேறத் தயங்கியமை, அயல் ஆண்கள் நிறைந்த இடத்தில் தங்கும் கூச்சம், குழந்தைகளின் பொறுப்பு, நீரில் காலைப் பின்னும் ஆடை எனப் பல காரணங்களை ஆய்வாளர் குறித்தனர். ஊரின் ஆண்களுக்குச் சொன்னால் ஊருக்கே சொன்னதாகும் என்ற எண்ணம் பொய்த்தது. இன்று அத்திட்டத்தில் 76,000க்கும் மேற்பட்ட தொண்டர்கள் உள்ளனர். அவர்களில் பாதிப்பேர் பெண்கள். 2020 மே மாதம் அம்பன் புயலின்போது அந்நாட்டில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். இறந்தோர் எண்ணிக்கை நூற்றைத் தொடவில்லை. போலாவின் கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டிலும் இத்தகைய மாற்றத்துக்குச் சான்றுகள் உண்டு. 1977 நவம்பர் 19 அன்று ஆந்திரத்தின் திவிசீமாவில் கடல் நீர் புகுந்து பத்தாயிரத்துக்குக் குறையாதோர் இறந்தனர். 1990 மே மாதம் அதே கிருஷ்ணா கழிமுகப் பகுதியில் மற்றொரு கடும்புயல் வந்தபோது லட்சக்கணக்கானோர் முன்னரே வெளியேற்றப்பட்டிருந்தனர். உயிரிழப்பு ஏறத்தாழ ஆயிரம். 1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவில் வீசிய பெரும்புயல் ஏறத்தாழ பத்தாயிரம் பேரைக் கொண்டது. அதன்பின் அம்மாநிலம் பேரிடர் மேலாண்மைக்கெனத் தனி அமைப்பை உருவாக்கியது. கரையெங்கும் நூற்றுக்கணக்கான பாதுகாப்பிடங்களைக் கட்டியது. அவற்றில் பல, மற்ற நாட்களில் பள்ளிகளாக இயங்குபவை. பிள்ளை நாள்தோறும் சென்றுவரும் கட்டடத்துக்குப் புயல் நாளில் செல்லத் தாய் தயங்குவதில்லை. 2013இல் ஃபைலின் வந்தபோது ஏறத்தாழ பத்து லட்சம் பேர் நகர்த்தப்பட்டனர். உயிரிழப்பு ஐம்பதை ஒட்டியே நின்றது.

சொல் தவறிய இடங்கள்

2013 நவம்பர் 8 அன்று பிலிப்பைன்ஸ் நாட்டின் தக்லோபான் நகரை ஹையான் சூறாவளி தாக்கியது. நாட்டில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கடல் நீர் எழும் என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. ஆனால் அவ்வெச்சரிக்கையில் வந்த ஆங்கிலக் கலைச்சொல் மக்களுக்கு விளங்கவில்லை. "சுனாமி போன்ற நீர் வரும் என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம்" என்னும் கருத்தைத் தப்பியவர் பலர் பின்னர்க் கூறினர். ஒரு சொல் மக்கள் மொழியில் இல்லாமற்போனதற்கு ஒரு நகரம் கொடுத்த விலை அது.

தமிழில் என்ன நிலை? புயலால் கரையேறும் நீருக்கு நம்மிடம் நிலைபெற்ற சொல் ஒன்று இருக்கிறதா? செய்திகளில் "கடல் சீற்றம்", "கடல் கொந்தளிப்பு", "அலைகள் இயல்பைவிட ஒரு மீட்டர் உயரம் எழும்பும்" என்றெல்லாம் படிக்கிறோம். இவற்றுள் எதுவும் உண்மையைச் சொல்லவில்லை. கொந்தளிப்பு என்பது கடலுக்குள் நிகழ்வது. அலை எழும்புவது என்பது வந்து மடங்கித் திரும்புவது. புயல்நீரோ அலையன்று, கடல் மட்டமே உயர்ந்து, ஊருக்குள் வந்து, மணிக்கணக்கில் நிற்பது. அதன் மேல்தான் அலைகள் அடிக்கின்றன. "இன்றிரவு கடல் ஊருக்குள் வரும், இடுப்பளவு நிற்கும்" என்று சொன்னால் விளங்காதவர் உண்டோ? கலைச்சொல் ஆக்கத்தில் நாம் காட்டும் ஆர்வத்தில் சிறுபங்கை இத்தகைய எளிய தொடர்களை அமைப்பதில் காட்டலாம்.

புயலின் கண் பற்றியும் இதுபோன்ற தெளிவு வேண்டும். மையம் ஊரைக் கடக்கும்போது காற்று அடங்கும்; வானம் வெளுப்பதும் உண்டு. புயல் ஓய்ந்தது என்று எண்ணி வெளியே வருவோரைச் சற்று நேரத்தில் எதிர்த்திசைக் காற்று முன்னிலும் கடுமையாகத் தாக்கும். இந்த ஒரு செய்தியைத் தொடக்கப்பள்ளிப் பாடத்திலேயே சொல்லிவிட முடியும்.

சொல் சென்று சேராத மற்றோர் இடம் ஆழ்கடல். 2017 நவம்பர் 30 அன்று கன்னியாகுமரிக்கு அருகே ஒக்கி புயல் ஒருநாள் இடைவெளிக்குள் உருவாகி வலுத்தது. அதற்குப் பல நாட்கள் முன்பே தூத்தூர்ப் பகுதியின் ஆழ்கடல் மீனவர்கள் தொலைதூரக் கடலில் தொழிலுக்குச் சென்றிருந்தனர். அவர்கள் படகிலிருந்த கருவிகளின் எல்லைக்கு அப்பால் கரை இருந்தது. துறைமுகத்துக் கம்பத்தில் எந்த எண் ஏறினாலும் அதைக் காண்பவர் அங்கே யாருமில்லை. தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கானோர் இறந்தும் காணாமலும் போயினர். அதன்பின் செயற்கைக்கோள் வழியே செய்தி பெறும் கருவிகள் அறிமுகமாயின. மறு ஆண்டு, 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கஜா கரையைக் கடக்குமுன் பல்லாயிரம் பேர் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தென்னையும் வாழ்வாதாரமும் பேரழிவுக்குள்ளான அப்புயலில் உயிரிழப்பு அந்த அளவுக்குப் பெருகாததற்கு இதுவும் காரணம்.

செய்யத்தக்கன

1999க்குப் பின் நம் வானிலைத் துறையின் எச்சரிக்கை நான்கு கட்டங்களாக விரிந்துள்ளது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நிறங்களும் வந்துள்ளன. புயலின் பாதையைச் சில நாட்கள் முன்பே ஓரளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறது. பிடிங்டனுக்கும் ஃபிட்ஸ்ராய்க்கும் கனவிலும் கிட்டாத வசதிகள் இவை. குறை அறிவியலில் இல்லை. கடைசி ஒரு கல் தொலைவில்தான் இருக்கிறது. அந்தத் தொலைவைக் கடப்பது மொழியின் வேலை, ஆசிரியரின் வேலையும்கூட.

கடலோர மாவட்டப் பள்ளிகளில் ஐப்பசிக்கு முன் ஒரே ஒரு நாள் இதற்கென ஒதுக்கலாம். கூண்டு எண்களின் பொருள், வலப்புறம் இடப்புறம் என்ற வேறுபாடு, புயலின் கண், தம் ஊரில் உயர்ந்த இடம் எது, அங்கே நடந்துசெல்ல எத்தனை நிமிடம் ஆகும் என இவ்வளவையும் ஒரு பிற்பகலில் சொல்லிவிடலாம். முன்னொரு புயலில் நீர் எதுவரை வந்தது என்பதை முதியோரிடம் கேட்டறிந்து, ஊர்ப் பொதுச்சுவரில் கோடிட்டு ஆண்டையும் எழுதிவைக்கலாம். எந்தச் செய்தி அறிக்கையைவிடவும் அக்கோடு தெளிவாகப் பேசும். பெண்களிடம் பெண்களே சென்று சொல்லும் ஏற்பாடும் வேண்டும். எச்சரித்த புயல் திசைமாறிப் போய்விட்டால் "வீண் அலைச்சல்" என்று ஏளனம் செய்யும் வழக்கத்தை, படித்தவர்களாகிய நாமாவது கைவிட வேண்டும். பத்துமுறை வீணாகச் சென்று திரும்பியவன்தான் பதினோராம் முறை பிழைக்கிறான்.

வட இந்தியப் பெருங்கடலின் புயல்களுக்குப் பெயரிடும் வழக்கம் 2004இல் தொடங்கியது. எண்ணைவிடப் பெயர் மக்கள் மனத்தில் எளிதில் பதியும் என்பதே காரணம். 2020இல் வெளியான புதிய பட்டியலில் இந்தியா அளித்த பெயர்களுள் "முரசு" என்பதும் ஒன்று. வள்ளுவன் யானை மேல் ஏறி முரசறைந்து செய்தி சொன்ன காலத்தில், அச்செய்தி தெருவில் நின்று கேட்பவனுக்கு விளங்கும் மொழியில் இருந்தது. நம் கூண்டும் அவ்வாறு விளங்கும்படி செய்ய வேண்டும். அது இயலாத காரியமன்று.